உள்ளே நுழையும்போது பார்வை எங்கே

யாபா, லாகோஸ்
28 ஆகஸ்ட் 1982

மச்சான் அஷோங்குக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ கிழித்துப் போட்டுவிடுவாய் என்பதால் உறை மேல் அக்காவின் பெயரை எழுதியிருக்கிறேன். அவள் கையால் வருவதை நீ கிழிக்கமாட்டாய். கிழித்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

ஹோமோவோ திருநாளுக்கு ஊரில் இல்லாமல் போனது எனக்கு இதுதான் முதல் தடவை. திருநாளுக்கு மறுநாள் எல்லாரும் வீடு வீடாகப் போய் வருஷத்துச் சண்டையைத் தீர்த்துக்கொள்ளும் நேரத்தில், நான் இங்கே ஒரு தகரக் கொட்டகையில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தேன். இருந்திருந்தால் உன் வாசலுக்கு வந்திருப்பேன். நீ திறந்திருப்பாயா என்பது வேறு விஷயம்.

சுற்றி வளைக்கவில்லை. எனக்கு உன் உதவி வேண்டும்.

அக்டோபர் பதினாறு, சனிக்கிழமை, ஒகோன் எஃபியோங்கோடு எனக்குப் பட்டச் சண்டை. போன வாரம் இபாடானில் அவன் சண்டையைக் காலரியில் உட்கார்ந்து பார்த்தேன். அவன் இடது கை என் கையைவிட ஒரு சாண் நீளம். என் வாழ்க்கையில் என்னைவிட நீளமான கையை நான் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷமும் நான் தூரத்தில் நின்று, இடது கையை நீட்டி ஜாப் போட்டே பிழைத்தவன். இவனிடம் அது நடக்காது. எதிரே நின்ற பையன் ஆறு ரவுண்டும் அவன் பக்கத்தில் போகவே முடியாமல் மூக்கில் வாங்கிக்கொண்டே இருந்தான். நம் கோச் மட்டும், "ஜாப் போடுடா, ஜாப் போடு" என்கிறார். நான் ஒன்று போடுவதற்குள் அவன் இரண்டு போடுவான்.

உள்ளே போக வேண்டும் மச்சான். போய் அங்கேயே நிற்க வேண்டும். புக்கோமில் அது உன்னை மாதிரி யாருக்கும் வராது. உன்னோடு இருநூறு ரவுண்டு பயிற்சிக்குச் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் நீ உள்ளே வந்துவிட்டால் எனக்கு உன் உச்சந்தலை மட்டும்தான் தெரியும். அதற்குக் கீழே நீ என்ன செய்கிறாய், எங்கே பார்க்கிறாய் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

எழுது. திட்டியாவது எழுது.

லாந்தே


புக்கோம், அக்ரா
8 செப்டம்பர் 1982

லாந்தே,

உன் அக்கா வழக்கம்போல உங்கள் அம்மா வீட்டில் சமைத்து, சாயங்காலம் சாப்பாட்டோடு உன் உறையையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"படி."

"பசிக்குது அமெர்லே. மொதல்ல சாப்பாடு."

"மொதல்ல படி. அப்பறம் மூடியத் தொறக்கலாம்."

படித்தேன். உனக்குத் தோல் தடிமன்தான், தம்பி. ஒருத்தன் இடத்தைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, அந்த இடத்தில் எப்படி வசதியாக உட்காருவது என்று அவனிடமே கேட்கிறாய்.

ஜூன் மாதம் பயிற்சியில் உன் மண்டையில் குத்தித்தான் என் வலது கை எலும்பு விரிசல் விட்டது. ஆறே வாரத்தில் கூடிவிட்டது. இப்போது சுவரில் குத்தினால் சுவருக்குத்தான் வலிக்கும். ஆனால் அதற்குள் எக்ஸ்ரே எடுத்தவனோ, கட்டுப் போட்டவனோ, ஆஸ்பத்திரியில் எவனோ ஒரு நாய் போய் ஏற்பாட்டாளர் குவார்ட்டேயின் காதில் ஓதிவிட்டான். அவர் என் பெயரை அடித்துவிட்டு உன் பெயரை எழுதினார். அந்த ஆளைத் தேடி ஆஸ்பத்திரி வாசலில் எத்தனை நாள் நின்றேன் தெரியுமா? கிடைக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் காத்திருந்த பட்டச் சண்டை அது. எனக்கு முப்பத்திரண்டு வயது. இனி எவன் கூப்பிடுவான்?

ஓதியவனைக்கூட விட்டுவிடுகிறேன். குவார்ட்டே உன்னைக் கேட்டபோது, "கொஞ்சம் பொறுங்க, அஷோங் கை ஆறிடும்" என்று நீ ஒரு வார்த்தை சொன்னாயா? சட்டையை மாட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டாய்.

சரி. கேட்டுவிட்டாய். உன் அக்காவும் தினம் வந்து கேட்பாள். எழுதுகிறேன்.

முதலாவது, ஜாப் வரும்போது போகாதே. அது திரும்பிப் போகும்போது போ. அவன் கை வீட்டுக்குப் போகும்போது நீயும் கூடவே போய்விட வேண்டும். அவன் கதவைச் சாத்துவதற்குள் நீ உள்ளே இருப்பாய்.

இரண்டாவது, நேராகப் போகாதே. உன் இடது கால் அவன் இடது காலுக்கு வெளிப்பக்கம் விழட்டும். அரை அடி போதும்.

மூன்றாவது, உள்ளே போனதும் உன் முழங்கைகள் அவன் முழங்கைகளுக்கு உள்ளே இருக்க வேண்டும். கையை ஓங்காதே. அங்கே ஓங்க இடம் கிடையாது. இடுப்பைத் திருப்பு, கை தானாகப் போகும். ஒரு சாண் போனால் போதும், ஆனால் விலாவில் போக வேண்டும். அவன் தள்ளினால் நேராகப் பின்னால் வராதே, பக்கவாட்டில் நகரு. பின்னால் வந்தாயானால் மறுபடியும் அந்த நீளக் கையின் நுனியில்தான் நிற்பாய். அவன் மூச்சைக் கேள். மூச்சு விடும்போது குத்து.

நான்காவது, பார்வை. நீ உயரமானவன், நான் குள்ளன். நான் நிற்பது மாதிரி நீ நிற்க முடியாது. இடுப்பை வளைத்து, தலையை நன்றாகத் தாழ்த்திக்கொண்டு நுழை. கண் அவன் இடுப்புப் பட்டையில் இருக்கட்டும். இரண்டு கையும் காதோரம். பட்டை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் குத்து வரும்.

அவ்வளவுதான். இனி எழுதாதே.

அஷோங்


யாபா, லாகோஸ்
20 செப்டம்பர் 1982

அருமை மச்சான்,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். உன் பேச்சை நான் எப்போது கேட்டேன்?

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இவ்வளவு சொல்லித் தருவாய் என்று நான் நினைக்கவே இல்லை. நாலு வசவும் ஒரு சாபமும் வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, ஆனால் இந்தக் கடிதத்தில் அதை எழுத வரவில்லை. சண்டை முடியட்டும்.

கடிதத்தைக் கொட்டகைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். கோச் வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இது என்ன, பைபிளா?"

"எங்க மச்சான் எழுதினது."

"குனிஞ்சுகிட்டே போற, எதுத்தாப்ல இருக்கறவன் மூஞ்சியப் பாக்கவேணாமா?"

"நீங்க சண்டை போட்ட காலத்துல எத்தன தடவ உள்ள போயிருக்கீங்க கோச்?"

மனுஷன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அவர் காலத்தில் அவரும் என்னை மாதிரி தூரத்தில் நின்றவர்தானே.

கை திரும்பும்போது போவது இரண்டே நாளில் பிடிபட்டது. பார்வைதான் சிரமமாக இருந்தது. பழக்கதோஷத்தில் தலை நிமிர்ந்துவிடும். அதனால் இங்கே பயிற்சிக்கு வரும் இரண்டு பையன்களின் இடுப்பிலும் சிவப்புத் துணி கட்டிவிட்டேன். ஒரு நாளைக்கு நூறு தடவை, குனிந்து, சிவப்பைப் பார்த்து, நுழைகிறேன். இப்போது யோசிக்காமலே தலை தானாகத் தாழ்கிறது. பையன்கள் இருவரும் பக்கவாட்டில்தான் வீசுகிறார்கள், எல்லாம் என் கையில்தான் படுகிறது.

அக்காவுக்கும் எழுதியிருக்கிறேன், உன் புருஷன் பெரிய மனசுக்காரன் என்று.

உன் லாந்தே


புக்கோம், அக்ரா
4 அக்டோபர் 1982

லாந்தே,

வேறு எதையும் படிக்க நேரமில்லை என்றால் இதை மட்டும் படி. தலையைத் தாழ்த்தாதே. இடுப்பை வளைக்காதே. முட்டியை மட்டும் மடக்கு, முதுகு நேராக இருக்கட்டும். கண் அவன் நெஞ்சுக்குழியில் இருக்க வேண்டும், பட்டையில் இல்லை. வலது உள்ளங்கையை முகவாய்க்குக் கீழே வைத்துக்கொள். நெற்றியை அவன் தோள் எலும்புக்குக் கீழே அழுத்தி வை. நான் எழுதிய நான்காவதைக் கிழித்துப் போடு.

இனி மிச்சம்.

பேனா வழுக்கவில்லை. தெரிந்துதான் எழுதினேன்.

மூன்று வருஷத்துக்கு முன் லோமேயில் என் சண்டை முடிந்த பிறகு எஃபியோங்கின் சண்டை நடந்தது. ரிங் ஓரத்தில் நின்று பார்த்தேன். டோகோக்காரன் ஒருத்தன் துணிந்து குனிந்து உள்ளே போனான். எஃபியோங் முட்டியை லேசாக மடக்கி, வலது கையைக் கீழே இருந்து மேலே ஒரே தூக்கு. அப்பர்கட். டோகோக்காரனின் கால் இரண்டும் தரையை விட்டு எழும்பியதை நான் என் கண்ணால் பார்த்தேன். பத்து நிமிஷம் எழுந்திருக்கவில்லை. அந்தக் கையை எஃபியோங் எல்லாருக்கும் காட்டமாட்டான். குனிந்து வருகிறவனுக்காகவே வைத்திருக்கிறான். நீ இபாடானில் அதைப் பார்த்திருக்க முடியாது. அங்கே யாரும் பக்கத்திலேயே போகவில்லையே.

எனக்கு வயிறு எரிந்தது. நீ விழ வேண்டும் என்று நினைத்தேன். என் இடத்தில் போய் நின்று, என் சண்டையில், முதல் ரவுண்டிலேயே விழ வேண்டும் என்று. முதல் மூன்றையும் உண்மையாக எழுதினேன், நான்காவதை நீ நம்ப வேண்டுமே என்பதற்காக.

உன் இருபதாம் தேதிக் கடிதம் முந்தாநாள்தான் வந்தது. அமெர்லே அவளுக்கு வந்ததையும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டுச் சட்டியோடு வந்தாள். முற்றத்தில் என் அண்ணன்மார் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"தம்பி என்னமோ செவப்புத் துணியப் பாத்துப் பாத்துக் குனியறானாம். நீ எழுதிக் குடுத்தியாம்."

"ஆமா."

"உன் சண்டை ஒண்ணு விடாம நான் பாத்திருக்கேன். நீ என்னிக்கு பெல்ட்டப் பாத்து உள்ள போன?"

"அவன் ஒசரம். அவனுக்கு வேற மாதிரி."

"என் கண்ணப் பாத்துச் சொல்லு."

நான் பார்க்கவில்லை. அவள் சட்டியைத் திறக்கவே இல்லை. அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். பெண்டாட்டி சாப்பாட்டைத் திருப்பி எடுத்துப் போனால் நம் வீடுகளில் அது புருஷனை ஒதுக்கி வைத்த மாதிரி என்று உனக்குத் தெரியும். அண்ணன் தன் மக்காச்சோளக் கென்கி உருண்டையில் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினான். அதை அவன் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

ஆனால் அவள் போனதற்காக இதை எழுதவில்லை. நூறு தடவை என்று எழுதியிருந்தாயே, அதற்காகத்தான். ஒரு நாளைக்கு நூறு. நான் எண்ணிப் பார்த்தேன். பதினாறாம் தேதிக்குள் உன் உடம்புக்கு அது தவிர வேறு எதுவும் தெரியாமல் போய்விடும். ஒருத்தனை அடிக்க ஆசைப்பட்டேன். அவனையே கையைக் கட்டிக் கொண்டுபோய் நிறுத்த ஆசைப்படவில்லை.

தந்தி கொடுக்கப் போனேன். "லாகோஸ் லைன் நாலு நாளா செத்துக் கெடக்குதுப்பா" என்றான் தந்தி ஆபீஸ்காரன். நேற்று லாரி ஏறி அஃப்லாவோ வரை போனேன். எல்லையை மூடிவிட்டார்கள், கேட்டிருப்பாய். கம்பிவேலியில் நின்ற ராணுவக்காரன் விடவில்லை.

"அந்தப் பக்கம் என்ன வேல?"

"மச்சானுக்கு ஒரு விஷயம் சொல்லணும். தலைய நிமித்திக்கச் சொல்லணும்."

"தலையா? போய்யா, போ. இங்க எங்க தலைக்கே உத்தரவாதம் இல்ல."

அதனால் இந்தத் தபால் ஒன்றுதான் வழி. விமானத்தில் எப்போதாவது பை போகிறதாம். நாளைக் காலை ஆபீஸ் திறக்கும்போது முதல் ஆளாக நிற்பேன். பன்னிரண்டு நாள் இருக்கிறது. போய்ச் சேர வேண்டும்.

சுவரில் இருப்பதைக் கிழித்துப் போடு, லாந்தே.

அஷோங்


புக்கோம், அக்ரா
17 அக்டோபர் 1982

லாந்தே,

நேற்றுச் சாயங்காலம் முற்றத்தில் ரேடியோ கேட்டோம். நாலு வீட்டில் கேட்டு வாங்கிய பேட்டரிகளை வெயிலில் காயவைத்துப் போட்டோம். முப்பது பேர் இருந்தோம். உன் அக்கா எதிர் மூலையில் பெண்களோடு நின்றாள்.

இரண்டாவது ரவுண்டில் வர்ணனைக்காரன், "அக்ராக்காரர் இன்னைக்கு ரொம்பக் குனியறாரு" என்றான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, கடிதம் வரவில்லை என்று. நான் எழுந்து ரேடியோவைப் பார்த்துக் கத்தினேன். "நிமிரு! நிமிர்றா!" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ரேடியோவுக்கு எங்கே காது?

மூன்றாவதில் நீ விழுந்தாய். ரெஃபரி எண்ணினான். எட்டு என்று கேட்டது, அப்புறம் பேட்டரி தீர்ந்துபோயிற்று. முடிவை இன்று காலைதான் யாரோ சொல்லக் கேட்டேன். பன்னிரண்டு ரவுண்டும் நின்றாயாம், புள்ளியில் தோற்றாயாம், தாடை உடைந்ததாம்.

நான்காம் தேதியே எழுதினேன் லாந்தே. ஐந்தாம் தேதி காலையில் போட்டேன். நீ நம்பமாட்டாய். உன் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

நீ திரும்பி வரும்போது நான் எங்கேயும் ஓடிப்போக மாட்டேன். முற்றத்தில்தான் இருப்பேன். வந்து என்ன செய்ய வேண்டுமோ செய். கையைத் தூக்கமாட்டேன்.

பேச முடிகிறதா? அதை மட்டும் யாரிடமாவது சொல்லி எழுது. உன் அக்காவுக்காவது எழுது.

அஷோங்


யாபா, லாகோஸ்
30 அக்டோபர் 1982

அஷோங்குக்கு,

பேச முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பல்லைக் கம்பியால் கட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள். ஆறு வாரத்துக்குக் கஞ்சிதான், அதுவும் குழாய் வைத்து. எழுதக் கை இருக்கிறது.

உன் பதினேழாம் தேதிக் கடிதம்தான் முதலில் வந்தது. செவ்வாய்க்கிழமை. "நான்காம் தேதியே எழுதினேன்" என்ற வரியைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததில் கம்பி இழுத்து உயிர் போயிற்று. விழவைத்த பிறகு நல்லவனாகப் பார்க்கிறான் என்று நினைத்தேன். ஊருக்கு வந்து உன்னை என்ன செய்வது என்று படுக்கையில் கிடந்து யோசித்தேன். விரிவாகவே யோசித்தேன். சொன்னால் அக்கா அழுவாள்.

என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். மூன்றாவது ரவுண்டில் அவன் ஜாப் திரும்பியது, நான் கூடவே போனேன், நீ சொன்ன மாதிரியே கச்சிதமாக. கண் பட்டையில் இருந்தது. பட்டை எந்தப் பக்கமும் திரும்பவில்லை. அவன் முட்டி மடங்கியதை மட்டும் பார்த்தேன். அடுத்து நான் பார்த்தது கூரை விளக்கு. எட்டில் எழுந்தேன். தாடைக்குள் ஏதோ கடகடவென்றது. ரிங்குக்குள் எறிந்து சண்டையை நிறுத்தக் கோச் துண்டை எடுத்துவிட்டார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தூரத்தில் நின்றால் ஒவ்வொரு ஜாப்பும் அந்த எலும்பிலேயே விழும். போக வேறு இடமில்லை, மறுபடி உள்ளேதான். ஆனால் எப்படி? உன் கடிதத்தை அங்கேயே மனதில் கிழித்துப் போட்டேன். நீ சொன்னதை விட்டுவிட்டு நீ செய்ததை நினைத்தேன். இத்தனை வருஷம் என் நெஞ்சில் உன் நெற்றி எந்த இடத்தில் அழுத்தும்? தோள் எலும்புக்குக் கீழே. உன் கனம் எங்கிருந்து வரும்? முட்டியிலிருந்து. குனிந்து வருகிறவன் கனம் அப்படி இருக்காது. அதே இடத்தில் அவன் நெஞ்சில் என் நெற்றியை வைத்தேன், ஒன்பது ரவுண்டு எடுக்கவே இல்லை. அவன் கடைசியில் ரெஃபரியிடம், "இவனக் கொஞ்சம் எடுத்து விடுங்க சார்" என்று கெஞ்சினான். இரண்டு நடுவர்கள் ஒரே ஒரு புள்ளியில் அவனுக்குக் கொடுத்தார்கள். அது நான் விழுந்ததற்கான புள்ளி. நீ தள்ளிவிட்ட புள்ளி.

முந்தாநாள் உன் மற்ற கடிதம் வந்தது. உறையைப் பார்த்ததும் தூக்கி எறியப் போனேன். தேதியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் தபால் தலை மேல் அக்ரா முத்திரை இருந்தது. அக்டோபர் ஐந்து. பின்பக்கம் அபிஜான் முத்திரை, எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்திருக்கிறது. உள்ளே இருந்ததை ஒரு தடவை படித்தேன். முத்திரையைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். சன்னலில் பிடித்துப் பார்த்தேன், பக்கத்துப் படுக்கைக்காரனிடமும் காட்டி, ஐந்துதானா என்று சாடையில் கேட்டேன். ஐந்துதான் என்றான்.

முடிவு தெரியாதபோது எழுதியிருக்கிறாய். நான் ஜெயித்திருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. எழுதாமலே இருந்திருக்கலாம், நீ.

அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் யாரும் எதையும் ஓதவில்லை, அஷோங். ஜூலையில் குவார்ட்டே ஜிம் வாசலில் என்னை நிறுத்தி, "அஷோங் கை எப்படி இருக்கு?" என்று கேட்டார். அவனையே கேளுங்கள் என்றிருக்கலாம். தெரியாது என்றிருக்கலாம். "எலும்பு விட்டிருக்கு சார், இந்த வருஷம் தேறாது" என்றேன். ஆறு வாரத்தில் கூடிவிடும் என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். நீ நம்பி என் ஒருத்தனிடம் சொன்னதாயிற்றே.

நீ ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றதெல்லாம் இல்லாத ஒருத்தனுக்காக. உன் கடிதத்தில் அவனை நாய் என்று எழுதியிருந்ததைச் சுவரில் ஆணி அடித்து மாட்டி, தினம் அதன் எதிரே நின்றுதான் பயிற்சி செய்தேன். உன் நான்காவதை நான் அவ்வளவு சுலபமாக நம்பியதற்கும் அதுதான் காரணம். இவ்வளவு பெரிய துரோகத்துக்குப் பிறகும் ஒருத்தன் சொல்லித் தருகிறானே என்று எனக்குக் கண் நிறைந்துபோயிற்று.

நீ பன்னிரண்டு நாள் முன்னால் எழுதினாய். நான் பதினான்கு நாள் பின்னால் எழுதுகிறேன், தோற்று, படுத்து, மறைக்க இனி ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு.

ஜெயித்திருந்தால் எழுதியிருப்பாயா என்று மட்டும் என்னைக் கேட்காதே.

லாந்தே